குழப்படி நாய்களும் குற்றமற்ற எசமானர்களும்

சென்ற மாதத்தில் ஒரு ஞாயிறு காலை, வெள்ளவத்தையில் நான் குடியிருக்கும் தொடர்மாடியின் நான்காம் மாடியிலிருந்து ஒருவர் என்னைத் தேடி வந்தார். கையில் ஒரு துண்டுக் கடதாசி. அயலில் பத்திரிகைக்காரன் ஒருவன் இருந்தால் மரண அறிவித்தல் முதல் மணமகள் தேவை வரை எல்லாவற்றுக்கும் அவனிடமே வருவது நம்மவர் வழக்கம். ஆகவே நான் வியப்படையவில்லை. கடதாசியை வாங்கிப் படித்தேன்.

"பதினான்கு மாத லப்ரடோர் ஆண் நாய். தடுப்பூசிகள் போடப்பட்டுள்ளன. ஹைப்பர் அக்டிவ். நல்ல மனம் படைத்தோருக்கு இலவசமாக வழங்கப்படும்."

"ஹைப்பர் எண்டதை எடுத்துவிடுவமோ அண்ணை? அதைப் பார்த்தால் ஒருத்தரும் எடுக்க வராயினம். எடுத்தாலும் பிறகு பொய் சொல்லிப் போட்டாங்கள் எண்டு ஏசுவினம்," என்றார் அவர். மனச்சாட்சி உள்ள மனிதர். விளம்பரத்தில் உண்மை இருக்க வேண்டும் என்று நினைக்கும் ஒருவரைச் சந்திப்பது என் தொழிலில் அபூர்வம்.

அந்த உண்மையை யார் சொன்னார்கள் என்று கேட்டேன். இணையத்தில் பார்த்தார்களாம். பத்து அறிகுறிகள் போட்டிருந்ததாம். பத்தும் பொருந்தியதாம். மிருக வைத்தியரிடம் காட்டினீர்களா என்றேன். ஊசி போடுவதற்கு மட்டும் கொண்டுபோனார்களாம். நாய் பகலில் எங்கே இருக்கிறது என்றேன். பல்கனியில், சங்கிலியில். கணவனும் மனைவியும் காலை ஏழு மணிக்கு வீட்டை விட்டுப் புறப்பட்டால் திரும்பி வர மாலை ஆறரை ஆகும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் முடிந்து நேரே ரியூஷனுக்குப் போகிறார்கள். இரவு பத்து மணிக்குப் பிறகு நாய் குசினிக்குள் கட்டப்படுகிறது. நடைக்கு? காவற்காரப் பெடியன் காலையில் கீழே கொண்டுபோய்ப் பத்து நிமிடத்தில் திருப்பிக் கொண்டுவருவான்.

பத்திரிகைக்காரனுக்குக் கணக்கு வராது என்பார்கள். இந்தக் கணக்கு எனக்கும் வந்தது. பகலில் பதினொன்றரை மணித்தியாலம் சங்கிலி. இரவில் ஒன்பது மணித்தியாலம் சங்கிலி. எஞ்சுவது மூன்றரை மணித்தியாலம். அந்த மூன்றரை மணித்தியாலத்துக்குள் அந்த இளம் நாய் தன் வயதுக்குரிய ஓட்டத்தை ஓடவும், மணக்க வேண்டியதை மணக்கவும், கடிக்க வேண்டியதைக் கடிக்கவும், தான் நேசிக்கும் நால்வரையும் நாள் முழுவதும் காணாதிருந்ததற்கு ஈடாகக் கண்டு முடிக்கவும் வேண்டியிருக்கிறது. அது சோபாவிலிருந்து மேசைக்குப் பாய்கிறது. செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. கூப்பிட்டால் வருவதில்லை. இதற்கு நாம் ஒரு நோயின் பெயரைச் சூட்டியிருக்கிறோம்.

அந்தப் பெயரைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறேன். அதைச் சுலபமாகப் பாவிப்பவர்கள் மீது எனக்குக் கோபம் உண்டு. அந்தக் கோபத்தின் முதல் பங்கு எனக்கே உரியது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மனிதர்களில் அவதானக் குறைவு மிகை இயக்கக் குறைபாடு என்பது உண்மையான ஒரு குறைபாடு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கைநூலின்படி, அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதங்கள் நீடிக்க வேண்டும். பன்னிரண்டு வயதுக்கு முன்பே அவற்றுட் சில தோன்றியிருக்க வேண்டும். வீடு, பள்ளிக்கூடம் என ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் அவை காணப்பட வேண்டும். இத்தனையையும் பயிற்சி பெற்ற ஒருவர் ஆராய்ந்த பின்னரே பெயர் வைக்கப்படுகிறது. அக்குறைபாடுள்ள பிள்ளைகளின் பெற்றோர் ஆண்டுக்கணக்கில் அனுபவிக்கும் சிரமத்தை அறிந்த எவரும், செருப்பைக் கடித்த நாய்க்குட்டிக்கு அதே பெயரை ஒரு நிமிடத்தில் சூட்டமாட்டார்.

ஆனால் அப்படிச் சூட்டுவதற்கு நாங்கள் கற்றுக்கொடுத்திருக்கிறோம். வார இறுதி இணைப்பிதழ்களில் பக்கம் நிரம்பாதபோது வெளிநாட்டிலிருந்து எடுத்து மொழிபெயர்க்கப்படும் சரக்குகளை வாசகர் அறிவர். 'உங்கள் நாய்க்கு இந்த நோய் உள்ளதா? பத்து அறிகுறிகள்' என்ற வகை. அத்தகைய ஒன்றுக்கு ஒரு வெள்ளி இரவு பதினொரு மணிக்கு நானே தலைப்பு வைத்திருக்கிறேன். ஓரிடத்தில் நில்லாது, அழைத்தால் வராது, கண்டதையெல்லாம் கடிக்கும், விருந்தினர் மேற் பாயும், கழுத்துப் பட்டியை இழுக்கும், சிறு சத்தத்துக்கும் குரைக்கும். இப்படியே போகும் பட்டியல். ஒன்றரை வயதுக்கு உட்பட்ட, உடல்நலமுள்ள எந்த நாயும் இந்தப் பரீட்சையில் விசேட சித்தி பெறும். பெறாவிட்டால்தான் மிருக வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும்.

அதிலும் லப்ரடோர் எதற்காக உருவாக்கப்பட்ட இனம்? அதன் மூதாதைகள் நியூபவுண்ட்லாந்துக் கரையில் மீனவரோடு குளிர்நீரில் நீந்தி வலையும் கயிறும் இழுத்தவை. பின்னர் பிரித்தானியாவில், சுட்டு வீழ்த்திய பறவையைச் சேற்றிலும் நீரிலும் தேடி, வாயிற் கவ்விக்கொண்டு வருவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து இனப்பெருக்கம் செய்தார்கள். வாயில் எதையாவது கவ்விக்கொண்டு ஓடுவது அதன் குலத்தொழில். நான்காம் மாடிப் பல்கனியில் பறவை இல்லை. செருப்பு இருந்தது.

அப்படியானால் நாய்களில் மிகை இயக்க நோய் என்று ஒன்றே இல்லையா? இருக்கிறது. அது இல்லவே இல்லை என்று சாதிப்பவர்களுடனும் எனக்கு உடன்பாடில்லை. 1970களில் ஒஹாயோ அரச பல்கலைக்கழகத்தில் சாமுவேல் கோர்சன் என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும் பவ்லோவின் வழியில் நாய்களை வைத்துப் பரிசோதனைகள் நடத்தினார்கள். நாயை ஒரு சட்டத்தில் வார்களால் நிறுத்திப் பழக்க வேண்டும். பெரும்பாலானவை சில நாட்களில் பழகிக்கொண்டன. சில நாய்கள் எத்தனை நாட் சென்றாலும் பழகவில்லை. திமிறின, வாரைக் கடித்தன, இளைத்தன, எச்சில் வடித்தன. அமைதியூட்டும் மருந்துகளுக்கு மசியாத அந்த நாய்களிற் சிலவற்றுக்கு, உற்சாகமூட்டியான அம்பெற்றமைனைக் கொடுத்தபோது அவை அடங்கி நின்றன. வேகப்படுத்த வேண்டிய மருந்து நிதானப்படுத்தியது. மிகை இயக்கமுள்ள பிள்ளைகளில் மருத்துவர்கள் கண்டதும் இதைத்தான்.

இந்த முரண்பாடான விளைவுதான் உண்மை நோயின் அடையாளமாக இன்றும் பல மிருக நடத்தை மருத்துவர்களாற் கொள்ளப்படுகிறது. மருத்துவரின் கண்காணிப்பில், நாயின் இதயத் துடிப்பையும் மூச்சையும் அளந்த பின்னர் அத்தகைய மருந்தைச் சிறிதளவு கொடுத்து மீண்டும் அளப்பார்கள். நோயுள்ள நாயில் அவை குறையும், மற்றதில் ஏறும். இதனை வீட்டிற் செய்து பார்க்க எவரும் முயல வேண்டாம். பிள்ளைக்கு எழுதிக் கொடுத்த குளிசையில் பாதியை நாய்க்கும் கொடுத்தால் என்ன என்று புலம்பெயர்ந்த நாடொன்றிலிருந்து என் உறவினர் ஒருவர் தொலைபேசியிற் கேட்டார். அந்த வகைக் குளிசைகள் நாயின் உடலுக்குக் கடும் நஞ்சாகக் கூடியவை. தவறுதலாக விழுங்கிய நாய்கள் வலிப்பு வந்து இறந்திருக்கின்றன. மேசையில் விட்டுவைப்பதே ஆபத்து. பாதி உடைத்துக் கொடுப்பதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த உண்மை நோய் அரிதானது. அதைக் கண்டறிய முயல்பவர் முதலிற் பார்க்க வேண்டியது நாயின் ஓட்டத்தை அல்ல, அதன் ஓய்வை. வளர்ந்த நாய் நாளில் ஏறக்குறையப் பாதி நேரமாவது தூங்கும். குட்டி அதனிலும் கூட. நன்றாக ஓடியாடிய பின்னர், பழகிய வீட்டில், வெளிச்சமும் சத்தமும் குறைந்த நேரத்தில் படுத்து உறங்குகின்ற நாய்க்கு மிகை இயக்க நோய் இருப்பதற்கான சாத்தியம் மிகக் குறைவு. உண்மையில் நோயுள்ளது அப்போதும் அடங்காது. படுக்கும், எழும், நடக்கும், மீண்டும் படுக்கும். நூறாவது தடவை கேட்கும் மணியோசைக்கும் முதற் தடவை போலவே துள்ளும். பழகிப்போதல் என்பதே அதனிடம் இராது. ஓய்வான வேளையிலும் இதயம் வேகமாக அடிக்கும். நன்றாகச் சாப்பிட்டும் உடல் தேறாது. வீட்டில் மட்டுமல்ல, வெளியிலும், வைத்தியரின் அறையிலும், எவர் கையிலும் அது அப்படித்தான் இருக்கும். நீங்கள் வீட்டுக்கு வந்த முதல் அரை மணித்தியாலத்தில் மட்டும் துள்ளும் நாய்க்கு உள்ள நோய் உங்களைக் காணாத நோய்.

தூங்கும் நாயின் நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு முழு நிமிடம் எண்ணிப் பாருங்கள். முப்பதுக்குக் கீழ் இருப்பது வழமை. இதற்கு மணிக்கூடு ஒன்று போதும். கண்டதற்கெல்லாம் அட்டவணை கேட்கும் நம்மவர் இந்த ஒரு நிமிடத்தைச் செலவழிப்பதில்லை.

அவதானக் குறைவைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். அதில்தான் நான் பெரிய தவறு இழைத்தேன்.

1996இல் டல்மேஷன் நாய்களை வைத்து எடுத்த ஆங்கிலத் திரைப்படம் ஒன்று உலகெங்கும் ஓடியது. கறுப்புப் புள்ளி போட்ட வெள்ளை நாய் வேண்டுமென்ற மோகம் கொழும்பையும் தொற்றிக்கொண்டது. என்னோடு வேலை செய்த ஒருவர் 1998இல் அப்படியொரு குட்டியை வாங்கினார். அழகான பிராணி. ஆனால் எவர் சொல்லையும் கேளாது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பியும் பாராது. 'இரு' என்றால் ஓடும், 'வா' என்றால் நிற்கும். பின்னால் நின்று தொட்டால் வெருண்டு கடிக்க வரும். சுருட்டிய பத்திரிகையால் அடித்துப் பார்த்தார்கள். பயன் இல்லை. ஆசிரியபீடத்தில் தேநீர் வேளையில் அதன் குழப்படிகளைக் கேட்டுச் சிரிப்போம். அப்போது நான் எழுதிவந்த வாராந்தப் பத்தியில் அந்த நாயைப் பற்றி ஒரு நகைச்சுவைக் கட்டுரை எழுதினேன். மக்கள் குரலுக்குச் செவிசாய்க்காத அமைச்சர்களோடு அதனை ஒப்பிட்டிருந்தேன். வாசகர்கள் மெச்சினார்கள். நான்கைந்து கடிதங்கள் வந்தன. எனக்குப் பெருமை.

ஒன்றரை வயதில் அதனைச் சிலாபத்துப் பக்கம் தென்னந்தோட்டம் ஒன்றுக்குக் கொடுத்துவிட்டார்கள். அங்கே ஒரு மாதம் ஆவதற்குள், தேங்காய் ஏற்றவந்த லொறி பின்னோக்கி எடுக்கும்போது அதில் நசுங்கி இறந்தது. தான் பல தடவை ஹோர்ன் அடித்ததாகச் சாரதி சத்தியம் செய்தானாம். கவனமில்லாத நாய் கவனமில்லாமற் செத்தது என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

சில மாதங்களின் பின் ஒரு நிகழ்வில் மிருக வைத்தியர் ஒருவரின் பக்கத்தில் அமர நேர்ந்தது. பேச்சு நாய்களை நோக்கித் திரும்பவே, என் கட்டுரையின் சாரத்தை அவருக்கு நடித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. "அந்த நாய்க்குக் காது கேட்டதா?" என்று மட்டும் கேட்டார்.

டல்மேஷன் இனத்தில் பிறவிச் செவிடு சாதாரணம் என்பதை அவர்தான் சொன்னார். பின்னர் நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவிற் சோதிக்கப்பட்ட அந்த இன நாய்களில் ஏறக்குறைய 30 வீதத்துக்கு ஒரு காதிலோ இரு காதிலோ கேள்வி இல்லை. ஏறக்குறைய 8 வீதத்துக்கு இரு காதுமே கேளாது. உட்செவியில் நிறமிக் கலங்கள் இல்லாமற் போவதே காரணம்; பிறந்து சில வாரங்களுக்குள் கேட்கும் கலங்கள் அழிந்துவிடுகின்றன. வெள்ளைத் தோல் வேண்டுமென்று மனிதன் இனப்பெருக்கம் செய்ததற்கு நாய் கொடுக்கும் விலை அது. நாய் தூங்கும்போது, காற்றோ அதிர்வோ படாமற் பின்னால் நின்று ஒரு சத்தம் எழுப்பினால் வீட்டிலேயே ஓரளவு தெரிந்துவிடும். தொடர்மாடியில் கதவு மணி அடிக்கும்போது நாய் எழுகிறதா என்று பார்த்தாலும் தெரியும். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

அன்று இரவு நான் நினைத்துப் பார்த்தேன். தீபாவளியன்று தெருவே வெடித்தபோது அந்த நாய் முன்றிலில் சுருண்டு நித்திரை கொண்டதை நண்பர் வியப்போடு சொல்லியிருந்தார். நிலத்தில் காலால் ஓங்கி உதைத்தால் மட்டும் உடனே திரும்பிப் பார்க்குமாம். அதையும் நான் கட்டுரையில் எழுதியிருந்தேன், உதைக்குப் பணியும் வர்க்கம் என்று. இன்று சோதித்துப் பார்க்க அந்த நாய் இல்லை. கட்டுரை இருக்கிறது. கோவையில் ஒட்டி வைத்திருக்கிறேன், திருப்பிப் படிப்பதில்லை.

ஆகவே கேளாத நாயைக் கவனமற்ற நாய் என்பதற்கு முன் காதைப் பாருங்கள் என்கிறேன். கண்ணையும் பாருங்கள். தோலைப் பாருங்கள். உண்ணியும் தெள்ளும் பிடித்த நாய், காதுக்குள் புண் உள்ள நாய், விரலிடையில் சொறி உள்ள நாய் ஒரு நிமிடம் ஓரிடத்தில் இராது. அவ்வாறு அரிக்கும் உடம்போடு நம்மில் எவரும் ஒரு தலையங்கம் எழுதி முடிக்க முடியாது. மூட்டு வலியும் பல் வலியும் நாயை நிலைகொள்ளாமற் செய்யும். முதிர்ந்த நாய் திடீரென இரவில் உலாவத் தொடங்கினால் அது மூளை தேய்வதன் அடையாளமாக இருக்கலாம். நம் நாட்டிலும் தமிழ்நாட்டிலும் இன்னொன்றை முதலில் நினைக்க வேண்டும். நேற்றுவரை சாதுவாக இருந்த நாய் இன்று வெறிகொண்டது போல அலைந்தால், கண்டதைக் கவ்வினால், குரல் மாறினால், அதற்குப் பெயர் மிகை இயக்கம் அல்ல, விசர் நோயாக இருக்கக் கூடும். அருகிற் செல்லாதீர்கள்.

பயத்தையும் நாம் துடியாட்டம் என்கிறோம். 1990இல் யாழ்ப்பாணத்தின் மீது விமானங்கள் குண்டு போட்ட மாதங்களில் எங்கள் வீட்டில் ஒரு நாய் நின்றது. போருக்கு முன் வைத்த பெயர் ரைகர். சோதனைச் சாவடிகள் உள்ள தெருவில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட முடியாத காலமும் வந்தது, அது வேறு கதை. நமது காதுக்கு எதுவும் எட்டாத வேளையில் அது வளவைச் சுற்றி மூன்று நான்கு தடவை ஓடும், படலையைப் பிறாண்டும், பிறகு பதுங்குகுழிக்குள் முதலில் இறங்கிவிடும். சற்று நேரத்தில் இரைச்சல் கேட்கும். விமானம் வராத நாட்களிலும் அது மோட்டார் சைக்கிள் சத்தத்துக்கு வளவைச் சுற்றியது. "இதுக்கு விசராக்கிப் போட்டுது," என்பார் என் தாயார். எங்களுக்கும்தான் ஆகியிருந்தது. எங்களை எவரும் விளம்பரம் போட்டுக் கொடுக்கவில்லை.

விஞ்ஞானிகள் அண்மைக் காலத்தில் இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். 2007இல் புடாபெஸ்டில் உள்ள ஆய்வாளர்கள், பிள்ளைகளின் பெற்றோரிடம் கேட்கும் வினாக்கொத்தை நாய்க்கு ஏற்றவாறு திருத்தி, 13 கேள்விகளில் எசமானர்களிடம் கேட்டார்கள். 2021இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 11,000க்கு மேற்பட்ட நாய்களின் விபரங்களை ஆராய்ந்தார்கள். இளம் வயதும் ஆணாயிருத்தலும் கூடிய துடியாட்டத்தோடு சேர்ந்து காணப்பட்டன. தனிமையில் அதிக நேரம் விடப்படும் நாய்களிலும் அது கூடுதலாகக் காணப்பட்டது. இனமும், ஆகவே மரபணுவும், பங்கு வகிக்கிறது. என்னை மிகவும் கவர்ந்தது வேறொன்று. ஜேர்மன் செப்பேர்ட், போடர் கொலி போன்ற வேலைக்கென வளர்க்கப்பட்ட இனங்கள் துடியாட்டத்திலும் முன்னுக்கு நின்றன, கவனத்திலும் முன்னுக்கு நின்றன. ஓடுகிற நாய் கவனிக்காத நாய் என்ற நமது சமன்பாடு அங்கேயே உடைந்துவிடுகிறது. அதற்கு ஒரு வேலை கொடுத்தால் மணிக்கணக்கில் கண்ணிமைக்காமற் கவனிக்கும். வேலை கொடுக்காவிட்டால் தானே ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும். அது உங்கள் திரைச்சீலையாக இருக்கும்.

இவ்வாய்வுகளை ஒரு பத்திரிகையாளனின் கண்ணோடும் பார்க்கிறேன். இரண்டிலும் பேசுபவர் எசமானர். நாய் எத்தனை மணித்தியாலம் தனியே இருக்கிறது என்று சொல்பவரும் அவரே, நாய் எவ்வளவு குழப்படி என்று சொல்பவரும் அவரே. சாட்சியும் அவர், பல வேளைகளில் எதிரியும் அவர். தனிமை துடியாட்டத்தை வளர்க்கிறதா, துடியாட்டத்தைத் தாங்க முடியாமல் எசமானர் நாயைத் தனியே விடுகிறாரா என்பதையும் இத்தகைய ஆய்வு ஒன்றால் முடிவுகட்ட இயலாது. இரண்டும் ஒன்றையொன்று வளர்ப்பதை நான் நான்காம் மாடியிற் காண்கிறேன். இழுக்கிற நாயை நடத்திச் செல்ல ஒருவரும் விரும்புவதில்லை. நடக்காத நாய் இன்னும் இழுக்கிறது. சங்கிலி இன்னும் குறுகுகிறது.

"அந்தக் காலத்தில் நாய்க்கு இப்படியெல்லாம் வியாதி இருந்ததா?" என்று கேட்கும் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. நான் பிறந்த ஊரில் நாய் கட்டப்படவில்லை. கதியால் வேலிக்குள் ஒரு பொட்டு இருக்கும். அதனூடாகப் போகும், வரும். காலையில் மீன்காரனோடு ஒழுங்கை முடக்குவரை போய்வரும். மாட்டைக் கலைக்கும், கோடிக்குள் பெருச்சாளியைக் கிளறும், மத்தியானம் வேப்பமர நிழலிற் கிடக்கும். அதற்கு ஒரு நாள் முழுதும் அலுவல் இருந்தது. ஆனால் அதே காலத்தில், 1970களின் முற்பகுதியில், இலங்கையில் ஓராண்டில் முந்நூறு பேருக்கு மேல் விசர் நோயால் இறந்தார்கள். வீதியில் அடிபட்டும், கிணற்றில் விழுந்தும், நஞ்சு வைத்தும் செத்த நாய்களை எவரும் எண்ணவில்லை. அந்தக் காலத்து நாய்க்கு வியாதி இல்லை என்பது எண்ணிப் பாராதவரின் புள்ளிவிபரம். நாயை மீண்டும் தெருவில் விடுங்கள் என்று நான் சொல்லவில்லை. தெருவை எடுத்துவிட்ட பிறகு அதற்குப் பதிலாக என்ன கொடுத்தோம் என்றுதான் கேட்கிறேன். சட்டத்திடம் கேட்டுப் பயனில்லை. மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம் 1907இல் வந்தது. நூறாண்டுகளுக்குப் பிறகும் அதன் உச்சத் தண்டப்பணம் நூறு ரூபாவாகவே இருந்தது.

வியாபாரிகளை விட்டுவைக்கவும் மனமில்லை. எட்டு வாரம் ஆகுமுன் தாயிடமிருந்து பிரித்து விற்கிறார்கள். கடியை எங்கே நிறுத்துவது என்பதைத் தாயும் கூடப்பிறந்தவையும்தான் குட்டிக்குக் கற்றுக்கொடுக்கின்றன. அந்தப் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டு வந்த குட்டியின் குழப்படிக்குப் பிறகு நோய்ப் பெயர். கொழும்பு வெக்கையில் சைபீரியன் ஹஸ்கி விற்கிறார்கள். பனியில் பாரம் இழுத்து ஓடப் பிறந்த அதனைக் குளிரூட்டிய அறைக்குள் பூட்டி வைத்துவிட்டு, ஏன் ஊளையிடுகிறது என்கிறோம். அடங்காத நாயை அடக்க மின்னதிர்ச்சி தரும் கழுத்துப் பட்டியும் விற்பனைக்கு உண்டு. அச்சத்தால் துடிக்கும் நாய்க்கு இன்னும் அச்சத்தை ஊட்டுவதற்குப் பணம் கொடுக்கிறோம்.

நான்காம் மாடிக்காரரை நான் இப்படியெல்லாம் ஏசவில்லை. அவர் கொடியவர் அல்லர். இரண்டு சம்பளம் இல்லாமல் வெள்ளவத்தையில் வாடகை கட்ட முடியாது. பிள்ளைகள் அழுது கேட்டபோது வாங்கிக் கொடுத்த குட்டி. விளம்பரத்தை வாங்கி வைத்துக்கொண்டு, அவரிடம் ஒரு சீ.ஆர். கொப்பியைக் கொடுத்தேன். எந்தச் செய்திக்கும் நாங்கள் கேட்கும் கேள்விகளையே நாய்க்கும் கேளுங்கள் என்றேன். எப்போது துள்ளியது, எங்கே, எதற்கு முன்பு என்ன நடந்தது, எவ்வளவு நேரத்தில் அடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்கியது. பதினான்கு நாள். அதற்குள் ஒரு தடவை மிருக வைத்தியரிடம் காட்டுவது. அதன் பிறகும் ஹைப்பர் என்றால் அந்தச் சொல்லோடேயே விளம்பரத்தைப் போடுவோம்.

கொப்பியை எழுதுவது அவரது மூத்த மகள். ஒன்பதாம் நாள் அதனைக் கொண்டுவந்து காட்டினாள். முதல் மூன்று நாளும் பக்கம் கொள்ளாத குழப்படி. நான்காம் நாள் வைத்தியர் விரலிடைகளிலிருந்து பதினொரு உண்ணி எடுத்திருக்கிறார். வலது காதில் அழற்சி, துளி மருந்து. ஐந்தாம் நாள் முதல் தகப்பன் விடிய ஐந்து மணிக்கு எழுந்து மரைன் டிரைவ் வழியே பம்பலப்பிட்டிவரை நாயோடு நடந்து திரும்புகிறார். உணவைத் தட்டில் வைக்காமல் பழைய துவாய்க்குள் சுருட்டி வைத்து மணந்து தேட விடுகிறார்கள். எட்டாம் நாள் ஒரு சப்பாத்துப் போயிருக்கிறது, தகப்பனுடையது, புதியது. அதற்குக் கீழே அந்தப் பிள்ளை எழுதியிருந்தாள்: "இரவு 9.40. படுத்திட்டுது. மூச்சு 22."

நேற்று மின்தூக்கியில் அவரைக் கண்டேன். வியர்த்துப்போயிருந்தார். நாய் அவரது காலடியில் நாக்கைத் தொங்கவிட்டபடி இருந்தது. கதவு திறந்ததும் என்மேல் இரண்டு காலையும் வைத்து என் சேட்டை அழுக்காக்கியது. விளம்பரத்தை இந்தக் கிழமை கொடுத்துவிடுவதா என்று கேட்டேன்.

"வாற வெள்ளி மட்டும் பொறுங்கோ அண்ணை," என்றார்.